நாலைந்து பேண்டம் கோழிக்கு எந்த ரெடிமேட் கூடு? மரமா, கம்பிவலையா, பிளாஸ்டிக்கா?

சில்கி, கொச்சின் பேண்டம், ஜப்பானிய பேண்டம், செப்ரைட் என்று பேண்டம் எனப்படும் குட்டை ரகப் பேன்சி கோழி வளர்க்கும் வீடுகளை இப்போது நிறையவே பார்க்க முடிகிறது. நம்முடைய நாட்டுக்கோழி ரகமான சிறுவிடையையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அது உடலில் கொஞ்சம் பெரிது என்றாலும் கூட்டுத் தேவை ஏறக்குறைய ஒன்றுதான். கோழியைத் தேடிப் பிடித்து வாங்கிவிடுகிறார்கள். கூடு வாங்கப் போகும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஆன்லைனில் சின்ன வீடு போலவே கூரை, கதவு, ஏணியோடு மரக் கூடு கிடைக்கிறது. பக்கத்து டவுனில் கம்பிவலைக் கூண்டை அடுக்கி வைத்து விற்கிறார்கள். கழுவிவிட்டால் போதும் என்ற வாக்குறுதியோடு பிளாஸ்டிக் கூடும் வந்துவிட்டது. எதை வாங்குவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியில் இருக்கும் பெரும்பாலோருக்குக் கம்பிவலைக் கூண்டை வாங்கித் திருத்திக்கொள்வதுதான் சரி. மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு இந்தப் பதில் மாறும். ஆனால் எதை வாங்கினாலும், வந்து இறங்கிய நிலையில் அப்படியே கோழியை விட்டுவிடக் கூடாது. மூன்றுமே பாதி முடிந்த பொருள்கள்தான். மீதியை நாம் செய்தாக வேண்டும், அதற்கு ஆகும் செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது மலிவு என்பது தெரியும்.

பேச்சு எளிதாக இருக்க ஒரு சேவல், நான்கு பெட்டை என்று வைத்துக்கொள்கிறேன்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

இடம். பேண்டம் ஒன்றுக்குக் கூட்டுக்குள் 2 சதுர அடி, வெளியே நடமாட 4 சதுர அடி என்பது வளர்ப்போர் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. பெரிய ரகக் கோழிக்கு இதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். ஆக நம் ஐந்துக்கு உள்ளே 10 சதுர அடி, வெளியே 20 சதுர அடி. பகல் முழுவதும் தோட்டத்தில் மேய்ந்துவிட்டு இரவுக்கு மட்டும் அடைவதாக இருந்தால் உள்ளே கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் வெளியே விட முடியாமல் போகும் என்பதை மறந்துவிடாதீர்கள். இடம் போதாவிட்டால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கத் தொடங்கிவிடும்.

விளம்பரத்தில் போடும் அளவு பெரும்பாலும் வெளி அளவு. கூரையின் நீட்டம், பக்கவாட்டில் துருத்தி நிற்கும் முட்டைப் பெட்டி எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். உள் தரையின் நீளம் எத்தனை, அகலம் எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். ‘6 கோழிக்கு’ என்று எழுதியிருப்பதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். 4 அடிக்கு 2 அடி தரை என்றால் 8 சதுர அடி, அது நான்கு பேண்டத்துக்குத்தான் போதும்.

காற்று. எனக்கு இதுதான் எல்லாவற்றுக்கும் மேல். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்தும், இறக்கையை அகட்டி வைத்தும், கொண்டை, தாடைக்கு அடியில் தொங்கும் சதை வழியாகவும்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் கத்திரி வெயிலில் 40 டிகிரி தொடுவது சாதாரணம். உடல் சிறியது என்பதால் பேண்டம் பெரிய கோழியைவிடக் கொஞ்சம் தாங்கும், ஆனால் சில்கியும் கொச்சினும் அடர்ந்த இறகுக்குள் மாட்டிக்கொண்டு தவித்துப்போகும். போதாததற்கு, எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் அடைத்த கூட்டில் தேங்கி நிற்கும். காலையில் கதவைத் திறந்ததும் கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். கண் எரிந்தால் அந்தக் கூட்டில் காற்றோட்டம் போதவில்லை.

உலர்ந்த தரை. தரையில் பரப்பிய கூளம் ஈரமானால் அதுதான் ரத்தக் கழிச்சலுக்கு வழி விடுகிறது. காலில் இறகு உள்ள கொச்சினுக்கும், குட்டைக் காலோடு தரையை உரசி நடக்கும் ஜப்பானிய பேண்டத்துக்கும் ஈரம் இன்னும் பெரிய தொல்லை.

இரவுப் பாதுகாப்பு. கீரி, மரநாய், பூனை, தெருநாய், பெருச்சாளி, பாம்பு. அரைக் கிலோ எடையுள்ள ஒரு பறவைக்கு இவை எல்லாமே எமன். முட்டைக்கும் குஞ்சுக்கும் எலி ஒன்றே போதும்.

சுத்தம் செய்யும் வசதி. கூட்டின் எல்லா மூலைக்கும் உங்கள் கை எட்ட வேண்டும். எட்டாத மூலையை நாலு நாள் விட்டுவிடுவோம், அப்புறம் அங்கேதான் ரத்தம் உறிஞ்சும் செள்ளு குடியேறும்.

ஆயுள். கரையான், துரு, வெயில் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எதிரி உண்டு. உங்கள் ஊரில் எது அதிகம் என்பதைப் பொறுத்துத் தேர்வும் மாறும்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | மரக் கூடு | கம்பிவலைக் கூண்டு | பிளாஸ்டிக் கூடு |
|---|---|---|---|
| காற்றோட்டம் | குறைவு, வெட்டித் திறக்க வேண்டும் | மிக நன்று | குறைவு |
| மழைக்காப்பு | நடுத்தரம், கூரை இணைப்பில் ஒழுகும் | கூரையும் திரையும் தனியாகப் போட வேண்டும் | நன்று |
| பகைப் பிராணி | வலையும் தாழ்ப்பாளும் பலவீனம் | சட்டம் உறுதி, வலையின் கண் பெரியது | பெட்டி உறுதி, இணைத்த வலையைப் பார்க்க வேண்டும் |
| செள்ளு | அதிகம் | குறைவு | மிகக் குறைவு |
| முக்கிய எதிரி | கரையான், ஈரம் | துரு, கடற்காற்று | வெயில், பெருச்சாளிப் பல் |
| பழுது பார்ப்பது | தச்சர் போதும் | வெல்டிங் பட்டறை போதும் | உதிரி பாகம் கிடைக்க வேண்டும் |
| எங்கே பொருந்தும் | ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு | சமவெளி முழுவதும் | முழு நிழல் உள்ள சின்ன இடம் |

## மரக் கூடு

அட்டைப் பெட்டியில் பலகைகளாக வந்து நாமே பூட்டிக்கொள்ளும் வகை இது. மேலே தங்கும் அறை, கீழே கோழி நடமாட வலையடித்த திடல், சரிவான ஏணி, பக்கத்தில் மூடியோடு முட்டைப் பெட்டி, இழுத்துக் கழுவ ஒரு எச்சத் தட்டு. பார்க்க உண்மையிலேயே அழகு. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த முட்டைப் பெட்டி மூடியைத் திறந்து பார்ப்பதே தினசரித் திருவிழா.

இதன் அடிப்படைச் சிக்கல், இந்த வடிவம் குளிர் நாட்டுக்காகப் பிறந்தது. அங்கே இரவுக் குளிரிலிருந்து கோழியைக் காப்பதுதான் தலையாய கவலை. அதனால் தங்கும் அறையை நாலு பக்கமும் அடைத்து, ஒரு கை அகலத்துக்கு ஒரு துளை விட்டு, கூரைக்குக் கறுப்புத் தார் ஷீட் ஒட்டிவிடுகிறார்கள். அதையே சித்திரை மாதத்தில் திண்டுக்கல்லில் வைத்தால் உள்ளே அடுப்புச் சூடு. சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட அந்தக் கூரை தொட முடியாமல் கொதிக்கும், கோழி அடைவதும் சரியாக அந்த நேரம்தான்.

அடுத்தது பலகை. மலிவான கூடுகளில் மெல்லிய ஊசியிலை மரம்தான் வரும். ஒரு மழைக்காலத்தில் ஊதி, அடுத்த வெயிலில் சுருங்கி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரிசல் விழும். அந்த விரிசல்தான் செள்ளுக்கு வீடு. பகலெல்லாம் சந்துக்குள் பதுங்கியிருந்து இரவில் கோழி உறங்கும்போது வந்து ரத்தம் உறிஞ்சும் இந்தச் சிவப்புச் செள்ளு, வெப்பமான காலத்தில் ஒரு வாரம் பத்து நாளிலேயே முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு வந்துவிடும். கொண்டை வெளிறிப்போவது, அடைக்கோழி கூட்டை விட்டு எழுந்து ஓடுவது, சாயங்காலம் உள்ளே போகவே மறுப்பது, இதெல்லாம் அதன் அடையாளம். ராத்திரி டார்ச்சோடு போய் உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் வேலை காத்திருக்கிறது.

அப்புறம் கரையான். தோட்டத்து மண்ணில் நேராகக் கால் ஊன்றிய மரக் கூட்டைக் கரையான் கண்டுபிடிக்க அதிக காலம் ஆகாது.

சரி, இதையும் மீறி மரக் கூடுதான் வேண்டும் என்றால் செய்ய வேண்டியவை உண்டு. தங்கும் அறையின் எதிரெதிர்ச் சுவர்களில், கோழி உட்காரும்போது அதன் தலைக்கு மேலே வருகிற உயரத்தில், நீள வாக்கில் பலகையை வெட்டி எடுத்துவிட்டு அரை இன்ச் கண் கொண்ட வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த கட்ட வலை) அடியுங்கள். சமவெளியில் ஒரு பக்கச் சுவரை முழுக்கவே வலையாக மாற்றினாலும் தப்பில்லை. தார் ஷீட்டுக்கு மேல் அரை அடி இடைவெளி விட்டு இரண்டாவது கூரை ஒன்று தென்னங்கீற்றிலோ வெள்ளை அடித்த தகரத்திலோ போடுங்கள். வெயில் மேல் கூரையிலேயே நின்றுவிடும், நடுவில் காற்று ஓடும். கால்களைச் சிமெண்ட் கட்டையின் மேலோ இரும்புக் குழாய்க்குள்ளோ நிறுத்தினால் கரையானும் மண் ஈரமும் மரத்தை எளிதில் தொடாது. உள்சுவருக்குக் கோழி விடும் முன்பே நன்றாகச் சுண்ணாம்பு அடித்துக் காயவிடுங்கள். சின்னச் சந்துகள் அடைபடும், உள்ளே வெளிச்சமும் கூடும்.

பெட்டியோடு வரும் வலையைக் குட்டி ஸ்டேப்லர் பின்களால் அடித்திருப்பார்கள். நாய் ஒன்று இரண்டு முறை முட்டினால் பிய்ந்துவிடும். வாஷர் வைத்த ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள், அல்லது மேலே மரச் சட்டம் ஒன்றை வைத்து அடியுங்கள்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், மரக் கூட்டின் உண்மையான விலை விளம்பர விலையைவிட நிறையவே கூடிவிடும். அதனால்தான் சமவெளிக்காரர்களுக்கு இதை நான் முதலாவதாகச் சொல்வதில்லை. ஆனால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழி இரவில் புல்லில் உறைபனி படியும். அங்கே நாலு பக்கமும் மறைந்த அறை கோழிக்குத் தேவை, மரக் கூட்டுக்கு அங்கே இணையில்லை. அங்கும்கூடத் தலைக்கு மேலே காற்றுத் துளை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் குளிரைவிட ஈரக்காற்றுதான் மூச்சுக் கோளாறுக்கு வழி செய்யும்.

## கம்பிவலைக் கூண்டு

ஆங்கிள் இரும்பில் சட்டம், சுற்றிலும் வெல்டு மெஷ், அடியில் எச்சத் தட்டு. ஒரே அடுக்காகவும் கிடைக்கும், இரண்டு மூன்று அடுக்காகவும் கிடைக்கும். கால் உள்ளதால் தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடி உயரத்தில் நிற்கும். காற்று தாராளம், கை எங்கும் எட்டும், தண்ணீர் அடித்துக் கழுவலாம், உடைந்தால் எந்தப் பட்டறையிலும் பற்றவைக்கலாம். நாளைக்கு வேண்டாம் என்றால் விற்கவும் முடியும், பழைய இரும்பு விலையாவது நிச்சயம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பற்றவைத்த இடம். வலை பின்னிப் பற்றவைத்த பிறகு துத்தநாகப் பூச்சு கொடுத்ததா, பூசிய கம்பியைப் பிறகு பற்றவைத்ததா என்பதைக் கம்பிகள் சந்திக்கும் புள்ளி சொல்லிவிடும். முன்னதில் அந்தப் புள்ளியும் பூச்சால் மூடி ஒரே நிறமாக இருக்கும். பின்னதில் அங்கே கருகிய தடமோ பழுப்புப் புள்ளியோ தெரியும், துரு அங்கேதான் தொடங்கும். வெள்ளி நிற பெயிண்ட் அடித்துவிட்டு ‘ஜி.ஐ.’ (துத்தநாகம் பூசிய இரும்பு) என்று விற்பதும் உண்டு. நகத்தால் சுரண்டினால் பெயிண்ட் உரிந்து வரும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது, உப்புக்காற்று பூச்சில்லாத கம்பியைச் சீக்கிரம் தின்றுவிடும்.

கம்பியின் தடிமனும் முக்கியம். 14 கேஜ் என்றால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், 16 கேஜ் என்றால் 1.6 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். அறுகோணக் கண் கொண்ட கோழி வலையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கோழியை உள்ளே நிறுத்தி வைக்கும், நாயையும் மரநாயையும் வெளியே நிறுத்தாது.

இனி இதன் குறைகள். பக்கச் சுவரில் பெரும்பாலும் 1 இன்ச்சுக்கு 2 இன்ச், சில சமயம் அதைவிடப் பெரிய கண் இருக்கும். பூனை அதில் கையை விட்டுப் பிராண்டும், பாம்பு தாராளமாக உள்ளே நுழையும், எலிக்குத் தடையே இல்லை. கூண்டின் கீழ்ப்பாதியில் இரண்டு அடி உயரம் வரை, இரவில் கோழி உட்காரும் பகுதியில் முழு உயரத்துக்கு, அரை இன்ச் மெஷ்ஷை வெளிப்பக்கமாகப் போர்த்தி, தடித்த கட்டுக்கம்பியால் நெருக்கமாகக் கட்டுங்கள். இது ஒரே மதியத்தில் முடிகிற வேலை. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். முட்டையும் குஞ்சும் உள்ள கூண்டில் கதவு, மூலை, எச்சத் தட்டு நுழையும் சந்து வரை அரை இன்ச்சுக்கு மேல் எங்கும் இடைவெளி இருக்கக் கூடாது. குட்டிச் சுண்டெலிக்கு அதுவும் போதும்தான், ஆனால் பெரிய எலியும் பாம்பும் பெரும்பாலும் நின்றுவிடும்.

இரண்டாவது குறை, தரை. நாள் முழுக்கக் கம்பிமேல் நிற்கும் கோழிக்கு உள்ளங்காலில் புண் வந்து ஆணி மாதிரி கட்டிக்கொள்ளும். கொச்சின் காலின் இறகுகள் கம்பிக் கண்ணில் சிக்கி ஒடியும். தரையில் பாதியாவது திடமாக இருக்க வேண்டும். ஆட்டுக் கொட்டகைக்கு விற்கும் பிளாஸ்டிக் சிலாட் பலகையை வெட்டிப் போடலாம், ஆனால் துளை பேண்டம் விரலுக்குப் பொருந்துகிறதா என்று ஒரு கோழியை நிறுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் தடித்த ரப்பர் விரிப்பு, அதன்மேல் நெல் உமியோ தேங்காய் நார்க்கழிவோ இரண்டு மூன்று இன்ச். சில்கிக்கும் ஜப்பானிய பேண்டத்துக்கும் எனக்குப் பிடித்தது இந்தக் கூளத் தரைதான், அவற்றுக்குக் கிளறுவதற்கும் ஏதாவது வேண்டுமல்லவா.

மூன்றாவது, மழையும் வெயிலும். கூண்டோடு கூரை வராது, வந்தாலும் ஒரு மெல்லிய தகரம்தான். கூரை நாலு பக்கமும் ஒரு அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை சாரலோடு அடிக்கும் என்பதால் வடக்கு, கிழக்குப் பக்கங்களுக்குச் சுருட்டி ஏற்றி இறக்கும் தார்ப்பாய் வேண்டும். தென்காசி, குமரி, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கோவைப் பக்கம் என்றால் ஆடிக் காற்றுக்கு மேற்குப் பக்கத்தையும் மறைக்க வேண்டும். மேலே ஒரு சாண் எப்போதும் திறந்திருக்கட்டும், முழுவதும் மூடினால் மரக் கூட்டின் குறையை நாமே வாங்கி வந்ததாகிவிடும்.

அடுக்குக் கூண்டு பற்றி ஒரு வார்த்தை. 4 அடிக்கு 2 அடியில் மூன்று அடுக்கு, முப்பது கோழி அடைக்கலாம் என்று சொல்லி விற்பார்கள். பண்ணைக் கணக்கு அது. வீட்டில் ஆசைக்கு வளர்க்கும் ஐந்து பேண்டத்துக்கு அந்த அடுக்கு தேவையில்லை. ஆனால் இரண்டு அடுக்கு வாங்கினால் ஒரு நன்மை உண்டு: மேல் அடுக்கை அடைக்கோழிக்கு ஒதுக்கிவிடலாம். மற்றபடி அதே காசுக்கு அகலமான ஒற்றை அடுக்குதான் நல்லது.

## பிளாஸ்டிக் கூடு

இரண்டு வகை உண்டு. தடித்த பிளாஸ்டிக்கில் வார்த்த கூடு ஒன்று. பி.வி.சி. பலகைகளை இணைத்துச் செய்தது இன்னொன்று.

வார்த்த கூட்டின் பலம் அதன் வழவழப்பு. சந்து குறைவு என்பதால் செள்ளுக்கு ஒளிய இடமும் குறைவு. அக்கக்காகக் கழற்றிக் கழுவி வெயிலில் காயப்போட்டால் முடிந்தது. செள்ளுத் தொல்லையில் மரக் கூட்டைக் கொளுத்திய வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் இது நம் வெயிலுக்குச் சோதனைதான். காற்றுத் துளைகள் சின்னவை, நேர் வெயிலில் உள்ளே வெந்துவிடும். வேப்ப மரத்தடி, மாட்டுக் கொட்டகை ஓரம், வீட்டின் வடக்குச் சுவர் மாதிரி நாள் முழுக்க நிழல் விழும் இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அங்கேயும் மேல்பக்கத்தில் ட்ரில்லில் வட்ட பிளேடு மாட்டி நாலைந்து பெரிய துளை போட்டு, உள்பக்கம் மெஷ் வைத்துவிடுவது நல்லது. வெயில் தாங்கும் கலவை சேர்க்காத பிளாஸ்டிக் சில வருடத்தில் நொறுங்கத் தொடங்கும். பி.வி.சி. பலகை சூட்டில் வளையும், பெருச்சாளி கடித்து ஓட்டையும் போடும். வாங்கும் முன் கதவுக் கீல், தட்டு, தாழ்ப்பாள் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காதென்றால் ஒரு கீல் உடைந்ததும் முழுக் கூடும் வீண்.

இதோடு வரும் சின்னத் திடலின் வலை தரையில் வெறுமனே உட்கார்ந்திருக்கும். அடியில் தோண்டி வருவதைத் தடுக்க, சுற்றிலும் ஒன்றரை அடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையோடு படுக்க வைத்து, மேலே செங்கல்லோ கல்லோ அடுக்குங்கள். சுவரோரம் வந்து தோண்டப் பார்க்கும் பெருச்சாளிக்கும் நாய்க்கும் வலைதான் அகப்படும். மண்மேல் நிற்கும் எந்தத் திடலுக்கும் இதே வைத்தியம்தான்.

## பட்டறையில் சொல்லிச் செய்வது

ரெடிமேட் வாங்கும் முன் ஒரு முறை பக்கத்து வெல்டிங் பட்டறையில் விலை கேட்டுவிடுங்கள். 5 அடி நீளம், 2½ அடி அகலம், 3 அடி உயரம், அரை இன்ச் மெஷ், ஆங்கிள் சட்டம், இரண்டு கதவு என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தால் போதும். 12½ சதுர அடி கிடைக்கும், நம் ஐந்துக்குத் தாராளம். வெளியூரிலிருந்து கூண்டு வரவழைப்பவர்கள் லாரி பார்சல் வாடகை, இறக்குக் கூலி, அப்புறம் போடப்போகும் மெஷ் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் அதிகம் இருக்காது. நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். கம்பி வெட்டிய முனைகளை அரம் போட்டு மழுங்கச் செய்துதான் தர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லையென்றால் கோழியின் காலும் உங்கள் கையும் கிழியும்.

## எந்தக் கூடானாலும் மாற்ற வேண்டியவை

உட்காரும் கட்டைதான் ரெடிமேட் கூடுகளில் பெரும்பாலும் தவறாக இருக்கும். முட்டைப் பெட்டியின் மட்டத்துக்கே கட்டையையும் வைத்துவிடுவார்கள். கோழி இருப்பதிலேயே உயர்ந்த இடத்தைத் தேடித்தான் உறங்கும். கட்டை தாழ்ந்திருந்தால் முட்டைப் பெட்டியிலேயே படுத்து அதை எச்சமாக்கிவிடும், முட்டையும் அழுக்காகும். கட்டை எப்போதும் முட்டைப் பெட்டியைவிட உயரமாக இருக்கட்டும். பேண்டத்துக்கு ஒரு இன்ச் அல்லது சற்றே கூடுதலான தடிமனில், முனை மழுங்கிய மரக்கட்டை போதும். இரும்புக் குழாய் வேண்டாம், வழுக்கும், வெயிலில் சுடும். ஒன்றுக்கு 20 செ.மீ. வீதம் ஐந்துக்கு ஒரு மீட்டர் கட்டை தேவை.

ரகத்தையும் பார்க்க வேண்டும். சில்கியின் இறகு பறப்பதற்கு உதவாது, அரை அடி உயரக் கட்டையே அதற்குப் போதும், பலதும் தரையில் கும்பலாகத்தான் படுக்கும். அவற்றை வளர்ப்பவர்கள் முட்டைப் பெட்டியைத் தரை மட்டத்திலேயே வைத்து, சாயங்காலம் அதன் வாயை மூடிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. செப்ரைட் நேர் எதிர். நன்றாகப் பறக்கும், உயரம் கேட்கும், திடலுக்கு மேல்வலை இல்லையென்றால் மரத்தில் போய்த்தான் உறங்கும். மேல்வலை பருந்துக்கும், குஞ்சைத் தூக்கும் காக்கைக்கும் சேர்த்தே தேவை.

முட்டைப் பெட்டி ஒரு பக்கம் 25 செ.மீ. இருந்தால் பேண்டத்துக்குச் சரி. நான்கு பெட்டைக்கு ஒன்று போதும், இரண்டு இருந்தால் சண்டை குறையும். வெளிப்பக்கம் திறக்கும் மூடியின் கீல் ஓரத்தில் மழைநீர் ஒழுகும். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிக் கீலின்மேல் ஒட்டிவிடுங்கள்.

தாழ்ப்பாள்: தள்ளினால் திறக்கும் கொக்கியை எல்லாம் கழற்றிவிட்டு, இரண்டு அசைவு கேட்கும் பூட்டு போடுங்கள். அடித் தாழ்ப்பாளுக்கு ஒரு ஸ்பிரிங் கொக்கி சேர்த்து மாட்டினாலே போதும். குரங்கு வரும் ஊர்களில் சின்னத் தொங்கு பூட்டுதான் பாதுகாப்பு.

கூட்டை நிறுத்தும் திசை காசில்லாமல் கிடைக்கும் வசதி. நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடும்படி வையுங்கள், காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும். மொட்டை மாடியில் வைப்பதாக இருந்தால் கூரைக்கு மேல் நிழல்வலையும், கூட்டுக்கு அடியில் சுடும் தளத்திலிருந்து ஒன்றரை அடி இடைவெளியும் இல்லாமல் கோடையைக் கடத்த முடியாது. எச்சத் தட்டிலும் தண்ணீர்த் தட்டிலும் நீர் தேங்க விடாதீர்கள், கோழி அம்மையைக் கொசுவும் பரப்புகிறது.

## யாருக்கு எது

சமவெளியில் வீட்டுத் தோட்டம், பகலில் மேயவிட இடம் என்றால் ஒற்றை அடுக்குக் கம்பிவலைக் கூண்டு, பாதித் திடத் தரையோடு. கடலோரமென்றால் அதே கூண்டு, பற்றவைத்த பின் பூச்சுக் கொடுத்ததாக. மலைப்பகுதிக்கு மரக் கூடு. செள்ளால் அவதிப்பட்டவர்களுக்கும், மர நிழலில் மூன்று நாலு கோழி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் வார்த்த பிளாஸ்டிக். அளவு ஒத்துவராத இடுக்கான இடமென்றால் பட்டறை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் கூடு பற்றி யோசிக்கும் முன் சேவல் பற்றி யோசியுங்கள். அது விடிவதற்கு முன்பே கூவத் தொடங்கிவிடும், எந்தக் கூடும் அந்தச் சத்தத்தை அடைக்காது. பெட்டைகள் மட்டும் வைத்துக்கொண்டால் முட்டைக்குக் குறைவில்லை, குஞ்சு மட்டும் கிடைக்காது.

பட்ஜெட் போடும்போது இரண்டாவதாக ஒரு சின்னக் கூண்டுக்கும் இடம் விடுங்கள். சில்கியும் கொச்சினும் அடிக்கடி அடை படுப்பவை. 21 நாள் அசையாமல் படுத்திருக்கும் கோழியை மற்ற கோழிகள் மிதித்துத் தொந்தரவு செய்யாத தனி இடம் அதற்கு வேண்டும், பொரித்த குஞ்சுகளுக்கும் அதே இடம்தான். அடைக்கு ஆள் இல்லாத நாட்களில், சந்தையிலிருந்தோ இன்னொரு வளர்ப்பாளரிடமிருந்தோ புதிதாக வாங்கிய கோழியை மூன்று நாலு வாரம் அதில் தனியே வைத்துக் கவனித்துவிட்டுக் கூட்டத்தில் சேர்க்கலாம். அப்போது அந்தச் சின்னக் கூண்டைப் பெரிய கூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். தீனித் தட்டும் தண்ணீர்த் தட்டும் அதற்குத் தனியாகவே இருக்கட்டும்.